எக்ஸாக்ட்லி என்றால் அப்படியே

நண்பா,

புகைக் கொட்டகையில் ரப்பர் ஷீட் காயும் வாசம் இன்று காலை ஆபீசுக்குள் வந்தது. உடனே உன் நினைவு. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் மேசையில் உட்கார்ந்து, கூலிகளின் பேச்சை வெள்ளைக்காரத் துரைக்கு மொழிபெயர்ப்பவன் நான்தான்.

மலாயாவில், மேரு பக்கத்து இந்த ரப்பர்த் தோட்டத்தில் நாம் கணக்கு எழுதும் சின்னக் கிராணிகளாகச் சேர்ந்த புதிதில், பெரிய கிராணி துரையிடம் ஓயாமல் "எக்ஸாக்ட்லி சார்" என்பார். மழை வரும் என்றாலும் எக்ஸாக்ட்லி, கூலிகள் சோம்பேறிகள் என்றாலும் எக்ஸாக்ட்லி.

"தலையாட்டுறதுக்கு இங்கிலீசுல ஒரு வார்த்தை பிடிச்சு வச்சிருக்காரு பாரு" என்று சிரித்தாய். 'சரியாக' என்றுதானே பொருள் என்றேன்.

"யாருக்குச் சரியா? துரைக்கா, நமக்கா? 'அப்படியே'ன்னு வச்சுக்கடா. கூட்டாம, குறைக்காம."

ஒரு நாள், மனைவிக்குப் பிரசவ வலி என்று பால்வெட்டுக் கூலி முனியாண்டி பாதி மரத்தில் வெட்டை விட்டு ஓடினான். தமிழ் தெரியாத புதுத் துரை, அவனைக் கூலிகள் குடியிருக்கும் லயத்தை விட்டே விரட்டுவதாகச் சொன்னார்.

"பொஞ்சாதி கத்துறப்போ மரத்தக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றாரா? அவரு பொஞ்சாதின்னா நிப்பாரா, கேளுங்க!" என்றான் முனியாண்டி.

கூலி எதைச் சொன்னாலும் ஆங்கிலத்தில் அது மன்னிப்பாக மாறிவிடுவதுதான் நம் ஆபீஸ் வழக்கம். பெரிய கிராணியும் "மன்னிப்புக் கேட்கிறான் சார்" என்றார். முனியாண்டியின் குரலைக் கேட்ட துரைக்குச் சந்தேகம். உன் பக்கம் திரும்பி, "எக்ஸாக்ட்லி என்ன சொன்னான்?" என்று கேட்டார். நீ சொன்னாய்.

"என்னண்ணே சொன்னீங்க?" என்றான் முனியாண்டி.

"நீ சொன்னதத்தான்."

"ஐயோ, எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

துரை, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். இதைக் கருணை என்று நான் எழுத மாட்டேன். பச்சைக் குழந்தையைத் தெருவில் போட இருந்தவருக்கு என்ன கருணை? கேள்வி அவர் மனைவியையே தொட்டுவிட்டது, அவ்வளவுதான். அன்றைய கூலியை வெட்ட மட்டும் மறக்கவில்லை. ஆனால் முனியாண்டியின் மகள் லயத்துக் கூரைக்கடியில்தான் பிறந்தாள். பெரிய கிராணி அதோடு உன்னிடம் பேசுவதை விட்டார். "நிம்மதிடா" என்றாய்.

முன்பெல்லாம் இந்த மேசைக்கு முன் வருகிறவர்கள் தரையைப் பார்த்தபடி, "பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று பேச்சை நம்மிடமே விட்டுவிடுவார்கள். நேற்று, ரப்பர் பால் வாளி சுமக்கும் ஓர் அக்கா வந்தார். தன் பேச்சு அப்படியே போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். துரையின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

முடிக்கும்வரை காத்திருந்து, நான் வாயைத் திறந்தேன்.