இருநூறு பக்கமும் உன் கையெழுத்து

இன்று காலை அந்த நோட்டின் கடைசிப் பக்கமும் தீர்ந்துவிட்டது. சாரலில் ஊறி உப்பிப்போன அட்டை, பிரித்தால் இன்னும் உன் மூக்குப்பொடி வாசம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் உன் கையெழுத்து. செத்து எட்டு மாதம் ஆன பிறகும் ஒரு மனுஷன் இப்படித் தினமும் என் உயிரை வாங்க முடியுமா?

நியாயத்தை நீயே சொல். தென்காசி மாடியறையில் நாம் நாலு பேராகப் புரோகிராம் எழுதத் தொடங்கியபோது நோட்டும் வேண்டியிருக்கவில்லை, சட்டமும் வேண்டியிருக்கவில்லை. ஒருவர் தும்மினால் மற்ற மூவருக்கும் கேட்கும். பதினைந்து பேர் ஆன பிறகும் அப்படியே நடக்குமா? ஒரே புரோகிராமை இருவர் இருவிதமாகத் திருத்தி, மேலகரம் அரிசி ஆலைக்குத் தப்பான பிரதி ஏறிய பிளாப்பி போனது. ஆலைக்காரர் என் சட்டையைத்தான் பிடித்தார். நீ வழக்கம்போல டீ குடிக்கப் போயிருந்தாய். அதனால்தான் ஒரு நோட்டுப் போட்டேன். அதில் என் கையெழுத்து வாங்காமல் யாரும் எந்தப் புரோகிராமிலும் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது.

"எல்லாம் படிச்ச புள்ளைய. அதுகளுக்குத் தெரியாதாலே?" என்றாய். உனக்கு எதுதான் பெரிய விஷயம்!

பிறகு அந்த ஆனி மாதம். குற்றாலத்தில் நாம் அறைப்பதிவுப் புரோகிராம் எழுதிக் கொடுத்த லாட்ஜில், கம்ப்யூட்டர் ஒரே அறையை இரண்டிரண்டு குடும்பத்துக்கு ஒதுக்கித் தள்ளியது. சீசன் கூட்டம், கைக்குழந்தைகளோடு வாசலில் நனைந்துகொண்டு நின்றது. புரோகிராமை எழுதிய செண்பகம் அங்கேயேதான் இருந்தாள். பத்தே நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் திருத்தவில்லை. நான் புது வேலை பேச சிவகிரி போயிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்குச் செய்தி தெரிந்து நீ போய்ச் சேரும்வரை, காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏம்ட்டி சும்மா இருந்த?" என்று நீ கேட்டாயாம்.

"அவிய கையெழுத்து வேணும்லா, அண்ணாச்சி?" என்றாளாம், என்னைச் சொல்லி.

அன்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினாய். "அவ மூளைக்குப் பூட்டைப் போட்டு, சாவிய சிவகிரிக்குக் கொண்டுட்டுப் போயிட்டியேலே!" செண்பகம் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். இன்னும் மூன்று பேர் அவளோடு கிளம்பத் தயாராக நின்றார்கள். நாம் கட்டியது அன்றோடு கலைந்துவிடும் என்று எனக்குப் பயம். பயத்தை மறைக்கத்தான் நானும் கத்தினேன்.

திடீரென்று நீ தணிந்தாய். "சரி, என் கையெழுத்தும் செல்லும்னு வச்சுக்கிடுவமா?" ஒருவழியாக இறங்கி வந்தாய் என்று நம்பி ஒத்துக்கொண்டேன். மறுநாள் வந்து பார்த்தால், புதிதாக இருநூறு பக்க நோட்டு வாங்கி, அத்தனை பக்கத்திலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாய்! செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக் கிழித்துப் போட்டாள்.

"கேக்க வேண்டாம்லே. செஞ்சத எழுதி வைக்கட்டும், போதும்" என்றாய். மூன்று நாள் உன்னோடு நான் பேசவில்லை.

ஆனால் எழுதினார்கள். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று அவரவரே எழுதினார்கள். அதன்பிறகு தப்பான பிளாப்பி எங்கும் போகவில்லை. இதை உன்னிடம் ஒப்புக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். அதிலும் உனக்கு அவசரம்.

இப்போது இருபத்தாறு பேர். இன்று காலை செண்பகம் ஒரு புது நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "இதுல யாரு கையெழுத்து, அண்ணாச்சி?" கேட்டுவிட்டு நகராமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் பாதி ஆபீஸ் எட்டிப் பார்த்தது.

சாயங்காலம் ஆகிவிட்டது. புது நோட்டில் நூற்று அறுபதாவது பக்கத்தில் இருக்கிறேன். மணிக்கட்டு விட்டுப்போகிறது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் உன்னை ஒருமுறை திட்டிக்கொள்கிறேன். படுபாவி, இருநூறையும் நீ எப்படித்தான் ஒரே மூச்சில் போட்டாய்?