கவிதாவுக்கு வராத மஞ்சள்காமாலை

என் ஆசை அக்காவுக்கு,

நீ போய் நாலு மாதமாகிறது. உன் மகள் கவிதா பொம்மிடியில் என்னோடுதான் இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். ஆனால் வருகைப்பதிவு குறைகிறதாம், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுத விடமாட்டோம் என்றார்கள்.

தூ! இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடம்!

வாரம் இரண்டு நாள் உன்னைத் தர்மபுரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக அவளை விட்டால் யார் இருந்தார்கள்? மாமா பெங்களூரில் கட்டட வேலையில், நான் மில்லில். ஒவ்வொரு முறையும் லீவு லெட்டர் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

மற்ற பிள்ளைகள் கல்யாணத்துக்குப் போனாலும் 'எனக்குக் காய்ச்சல்' என்றுதான் எழுதும். நீதான் விடவில்லை. "இல்லாத நோவ உம் பேர்ல எழுதாத புள்ள, வந்து ஒட்டிக்கும்" என்றாய். அவளும் 'அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதால்' என்று உள்ளதையே எழுதினாள். தலைமையாசிரியரும் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டா போட்டார்?

போன வாரம் போய் நின்றேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மாணவிக்கு ஒடம்பு சரியில்லைன்னாதாம்மா விலக்கு. அம்மா நோவுக்கெல்லாம் ரூல்ல எடமில்ல" என்றார். பெரிய மனசு பண்ணி, நீ செத்த ஒரு நாளை மட்டும் தள்ளிக் கொடுத்தார். உன்னை உயிரோடு வைத்திருக்க அவள் அலைந்த நாளெல்லாம் ஆப்சென்ட். வாயில் என்னென்னவோ வந்தது, அக்கா. பிள்ளை பக்கத்தில் நின்றதால் முழுங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கிளார்க் பின்னாலேயே வந்தார். "பொண்ணுக்கு மஞ்சக்காமாலைன்னு டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டாங்க. சாரே சொல்லச் சொன்னாரு."

கவிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க சார். எங்கம்மாவுக்குத்தான் நோவு. லெட்டர்லயே இருக்குதுங்க."

"அந்த லெட்டரெல்லாம் செல்லாது பாப்பா."

பார்த்தாயா? உள்ளது செல்லாது, பொய்க்குச் சீல் குத்தினால் செல்லும். இந்த லட்சணத்தில் வாசல் சுவரில் 'வாய்மை' என்று கொட்டை எழுத்து. வெட்கங்கெட்டவர்கள்.

திட்டாதே. அவளுக்குத் தெரியாமல் நான் சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிட்டேன். வாரம் இரண்டு நாள் மட்டும் வந்து போகும் மஞ்சள்காமாலை உலகத்தில் உண்டா? ஒருவரும் கேட்கவில்லை. வாங்கி ஃபைலில் போட்டுக்கொண்டார்கள்.

நேற்று ஹால்டிக்கெட்டோடு ஓடி வந்தாள். "சின்னம்மா, எல்லா லெட்டரையும் எடுத்துப் படிச்சுட்டாங்க போல!" அப்படி ஒரு சிரிப்பு. நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஆமாங்கண்ணு, படிச்சுட்டாங்க" என்றேன்.

அவள் படித்து முடித்துத் தன் காலில் நிற்கும்வரை இதை அவளிடம் சொல்லமாட்டேன். உன் மேல் சத்தியம்.

உன் தங்கச்சி
சாந்தி