சுரண்டிய சிவப்பு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு

கல்குடாக் கரையில் நோய் கண்ட சவுக்கு மரங்களுக்கு இன்று சிவப்பு வர்ணம் பூசினேன். சிவப்பு இருப்பதையெல்லாம் நாளை காலை எங்கள் வனத் திணைக்கள ஆட்கள் வெட்டுவார்கள். கரையோரத்து உயர்ந்த மரத்தின் பட்டையிலும் கொப்புளம் இருந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே கரித்தூள். அதற்கும் பூசினேன்.

தோணியைக் கரையேற்றிவிட்டுத் தங்கராசா அண்ணன் வந்தார்.

"என்ன தங்கச்சி, எங்கட மரத்துக்கும் பொட்டு வெச்சிட்டீங்களா?"

"அதுக்கு வருத்தம் அண்ணன். மற்ற மரங்களுக்கும் தொத்தும்."

"அதையும் கோயில் கோபுரத்தையும் நேராப் பிடிச்சுத்தான் கடலுக்குள்ள மீன் கிடக்கிற கல்லைக் கண்டுபிடிக்கிறம். வெட்டினா, நீங்க வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிப்பீங்களா?"

சிரித்துவிட்டேன். வெட்டமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டேன். அவர் போனதும் அந்தச் சிவப்பை நானே கத்தியால் சுரண்டி எடுத்தேன்.

இப்போதுதான் பயம் வருகிறது. அந்த மரத்தின் பின்னால், கடற்காற்றைத் தடுக்கவென்று சென்ற மாரியில் நட்ட சவுக்கங்கன்றுகள் நிற்கின்றன. அவையும் பட்டுப்போனால், அடுத்த புயல் அண்ணனின் வீட்டுக்கூரையில்தான் முதலில் கைவைக்கும்.

விடியமுன் போய்த் திரும்பவும் பூசலாம். அவர் தோணி தள்ளுவதும் அந்த நேரத்தில்தான்.