லாரிக்குள் இருந்த தண்ணீர்

ஜூலை 7
எங்கள் தென்காசி அலுவலகம் எடுக்கும் தண்ணீரைவிட மண்ணுக்குத் திருப்பித் தருவது அதிகமா? தெரியவில்லை. ஆனால் ‘அதிகம்’ என்று கம்பெனியின் சுற்றுச்சூழல் அறிக்கையில் எழுதியவள் நானே.

போன வருடம் இரண்டு மாதம் சாரல் விடாமல் பெய்ததில், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் வளாகக் குட்டை நிரம்பி வழிந்தது. அந்த இரண்டு மாத அளவை வருடம் முழுவதற்கும் நீட்டினேன். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்குச் சாரல் நிற்கும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது. நீரியலில் முதுகலைப் பட்டம் வேறு.

ஜூலை 9
சாரல் இல்லை. ஐந்தருவிக்குக் குளிக்கப் போனவர்கள் பாறையைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். எங்கள் குட்டையில் ஆடு மேய்கிறது.

ஜூலை 11
பாவூர்சத்திரம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து தினமும் காலையில் தண்ணீர் லாரி வருகிறது. அது எந்தக் கணக்கில் சேர்கிறது என்று நிர்வாகம் பார்க்கும் ரிஃபாத்திடம் கேட்டேன்.

“போக்குவரத்துல மேடம். லாரிதான வருது.”

“உள்ள தண்ணிதான இருக்கு?”

“அது லாரிக்குள்ள இருக்கு மேடம்.”

சிரித்துவிட்டு வந்தேன். அறிக்கையைத் தொடவில்லை.

ஜூலை 12
சென்னையிலிருந்து தலைமை அதிகாரி அபர்ணா பதினாறாம் தேதி வருகிறார். ‘எடுப்பதைவிட அதிகம் தருகிறோம்’ என்று வாசலில் கல்வெட்டு திறக்கப் போகிறாராம். கல்லிலா? அறிக்கை என்றால் அடுத்த வருடம் சத்தமில்லாமல் திருத்தலாம் என்றிருந்தேன்.

சொன்னால் வேலை போகலாம். ஐம்பதை நெருங்குகிறவளுக்குத் தென்காசியில் இன்னொரு கம்பெனி எங்கே இருக்கிறது?

வீட்டில் சிவசைலத்திடம் சொன்னேன். “ஏட்டி, கல்லு வெட்டுததுக்கு முன்னாடி சொல்லிரு. இல்லன்னா ஒம்பேரயும் சேத்து வெட்டிருவானுவ.” இருபத்திரண்டு வருடக் கணவரின் ஆறுதல்.

ஜூலை 15
கல் வந்துவிட்டது. வீடியோ கூட்டத்தில் அபர்ணா, “கணக்கு உறுதிதானே?” என்று என்னைக் கேட்டார். வாயைத் திறந்தேன். “கல்லை வெயில் படாத இடத்தில் வைக்கலாம்” என்றேன். இதற்கா இவ்வளவு படிப்பு?

மாலையில் ரிஃபாத்: “நாளைக்கு லாரிய வரவேண்டாம்னு சொல்லியாச்சு மேடம். கேட்ல நின்னா நல்லாவா இருக்கும்?”

மேல்தொட்டி மதியம்வரை தாங்காது என்று எனக்குத் தெரியும். ‘சரி’ என்றேன். இது கோழைத்தனமா, தந்திரமா— தந்திரம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 16
கல் திறக்கப்படவில்லை.

விழாவுக்குச் சற்று முன்பு அபர்ணா கை நிறையச் சோப்பு நுரையோடு வெளியே வந்தார். “தண்ணி வரலையே?” எல்லோரும் ரிஃபாத்தைப் பார்த்தார்கள். ரிஃபாத் என்னைப் பார்த்தார்.

“லாரி வரல” என்றேன்.

“எந்த லாரி?”

என் பாட்டில் தண்ணீரை அவர் கையில் ஊற்றிக்கொண்டே எல்லாம் சொன்னேன், நான் நீட்டிய சாரல் உட்பட. அவர் கையைத் துடைத்தார். பிறகு, “கல்லை உள்ளே வைங்க. அறிக்கையைத் திருத்தி உங்க பேர்லயே அனுப்புங்க” என்றார். வேலை இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குழாய் பேசிய பிறகுதானே நானே பேசினேன்.

மாலையில் லாரி வந்தது. கேட்டில் நின்று எத்தனை லிட்டர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

“அப்ப போக்குவரத்துல என்னத்தப் போட மேடம்?” என்றார் ரிஃபாத்.

“டீசல்” என்றேன்.