கொல்லை எருக்குழியை மூடுவது பற்றி

அன்புள்ள ரத்னகாஜிக்கு,

தீமியிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் மூச்சும் முதுகுவலியுமாக இருக்கிறோம், அந்த தோஹா வெயிலில் நீ வாடாமல் இருக்க பால்குமாரி அம்மன் துணை இருக்கட்டும். எருக்குழி என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். கொல்லைக்குப் பின்னால் மூன்று மாடி எழுப்பிய நானிமையா இருக்கிறாளே, அவள் தன் சமையலறை ஜன்னலை நேரே நம் குழிக்கு மேல் வைத்துக்கொண்டு, நாற்றம் தாங்கவில்லை என்று வார்டு ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆபீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்து, திஹார் பண்டிகைக்குள் மூடச் சொன்னார். உன் அம்மா அவரிடம், "குழி எங்க மாமியார் காலத்தது, ஜன்னல் போன மாசம் வந்தது, எதை மூடணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். சிரித்தார், ஆனாலும் மூடுகிறோம் என்று கையெழுத்து வாங்காமல் போகவில்லை. அந்த நானிமையா கீரை வாங்குவது நம் கடையில்தான், தோட்டத்துக் கீரையா என்று கேட்டுத்தான் எடுப்பாள். வாடிக்கையோடு சண்டை போட்டால் கடை நடக்குமா, எப்போதும்போல் கீரையைக் கட்டிக் கொடுத்தேன்.

நீ சொன்ன மூட்டை உரத்தையும் ஒரு பாத்தி காலிபிளவருக்குப் போட்டுப் பார்த்தேன், இலைதான் வந்தது, பூ கைப்பிடி அளவு, நானே விலைக்கு எடுக்க மாட்டேன். சாம்பலும் வைக்கோலும் எருமைச் சாணமும் மக்கிய எருவுக்கு அது ஈடாகாதுதான், ஆனால் வெட்டிச் சுமக்க ஆள் எங்கே, கூலிக்கு வந்த பையன்களும் உன் பக்கமே விமானம் ஏறிவிட்டார்கள். எனக்குக் குனிந்தால் நிமிர முடியவில்லை. தோட்டத்தையே மோட்டார் பட்டறைக்கு வாடகைக்கு விடலாம் என்றேன். அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

நேற்று கடையிலிருந்து வந்து பார்த்தால் குழி துடைத்த மாதிரி காலியாகக் கிடக்கிறது. அத்தனை எருவையும் தோள்காவடியில் தானே சுமந்து பாத்தியெல்லாம் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பியிருக்கிறாள், தோள் கன்றிப் போயிருக்கிறது. இத்தனை எதற்கு என்று கேட்டேன். "மூணு குளிர்காலம் தாங்கும். அதுக்குள்ள அவன் வந்தா வேற மூலையில புதுக் குழி வெட்டட்டும். வரலேன்னா உங்க பட்டறைய வச்சுக்குங்க" என்றாள்.

இன்று காலை முதல் வேலையாக, இடம் பார்க்க வருவதாக இருந்த பட்டறைக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வருவதானால் அவளுக்கு எழுது. ஆறுதலுக்காக எழுதாதே, அவள் அதை நம்பி நாற்று விடுவாள். வருவதில்லை என்றால் எனக்கு மட்டும் எழுது, கடை விலாசத்துக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, அம்மாவின் தோளைப் பற்றி நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

உன் அப்பா,
ஹர்க்கலால்