மிக்கேல் திருநாளுக்கு இறங்கிய மாடுகள்

1872 செப்டம்பர் 8

வெண்ணெய் இன்று திரளவே இல்லை. என் வீட்டுக்காரர் தியேபோ மலைமேல் குடிசையில் மாடுகளோடு இருக்கிறார், கூட மகன் மொரிட்ஸும். கவலையில்லாத மனுஷர். போரில் ஜெயித்த ஜெர்மன்காரர்கள் மலைமுகட்டில் எல்லை போட்டுவிட்டார்கள். பள்ளத்தாக்கில் எங்கள் வீடு அவர்களுக்கு, மேலே குடிசை பிரான்ஸுக்கு. "பிரெஞ்சுக்காரனாவே இருக்கணும்னா அக்டோபர் ஒண்ணுக்குள்ள பிரான்ஸுக்குக் குடிபோகணுமாம். நான்தான் மே மாசமே போயிட்டேனே!" என்று சிரிக்கிறார். பிரெஞ்சுக்காரனாகவே இருப்பேன் என்று கையெழுத்தும் போட்டாயிற்று. அப்பா பிரெஞ்சுக்காரர் என்றால் பத்தொன்பது வயது மொரிட்ஸும் பிரெஞ்சுக்காரன்தான். ஜெர்மன் பட்டாளம் அவனைத் தொட முடியாது. மூத்தவன் ஆலோயிஸைப் போரில் கொன்றது போதாதா அவர்களுக்கு?

செப்டம்பர் 26

மேலே பனி விழுகிறதாம். வழக்கம்போல மிக்கேல் திருநாளுக்கு மாடுகளை இறக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

செப்டம்பர் 29

அப்பாவும் மகனும் இறங்கிவிட்டார்கள். முன்னால் வந்த பசுவின் கொம்பில் பூச்சுற்றியிருந்தான் மொரிட்ஸ். பன்றிக்கறியும் முட்டைக்கோசும் மூன்று தட்டு உள்ளே போயிற்று இவருக்கு.

அக்டோபர் 2

ஊராட்சி எழுத்தர் வந்தார்.

"நேத்து ஒண்ணாந்தேதி எங்க இருந்தீங்க, தியேபோ?"

"எங்க இருப்பேன்? தொழுவத்துலதான்."

"அப்ப நீங்க பிரான்ஸுக்குக் குடிபோகலன்னுதான் கணக்கு. உங்க கையெழுத்து செல்லாதய்யா. நீங்க இப்ப ஜெர்மன்காரர். உங்க பையனும்தான்."

ரெண்டே நாள்! மாட்ட மொரிட்ஸ்கிட்ட குடுத்துட்டு இவர் மேலயே இருந்திருந்தா போதுமே. முப்பது வருஷமா இதே திருநாளுக்கு இறங்குறோம் — ஒருத்தருக்குமா தோணல? ஐயோ, ஆள் அனுப்புனது நானில்ல? நானேதான?

"நீதானடி வரச் சொன்ன" என்றார்.

அக்டோபர் 3

எழுத முடியவில்லை.

நவம்பர் 17

மொரிட்ஸைப் பட்டாளத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். முந்தாநாள்கூட மலை தாண்டி ஓடிவிடச் சொன்னேன். "ஓடினா அப்புறம் இந்த வீட்டுக்கு வரவே முடியாதும்மா" என்றான்.

1873 ஏப்ரல் 12

ஜெர்மன் சிப்பாய் எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்கித் தொப்பியைக் கழற்றுவது இவருக்குப் பழகிவிட்டது. இன்றும், நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பும்போது, தூரத்தில் ஒரு சிப்பாய் வந்தான். இவர் ஓரமாக நின்று தொப்பியைக் கழற்றித் தலை குனிந்துகொண்டார்.

கிட்டே வந்தவன் நின்றான். "அப்பா... நான்தாம்ப்பா."

வீடு வந்து சேரும்வரை இவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.