மலையடிவாரத்துப் பச்சை விளக்கு

அனுப்புநர்:
இங்குன் ஸ்தூர்லீ,
புவியியல் ஆசிரியை,
ஹெல்டால், வட நார்வே.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
ஹெல்டால் ஊராட்சி.

பொருள்: ஸ்வார்த்திந் மலைப்பாதைத் தொடக்கத்தில் உள்ள சோதனைக் கம்பத்தின் பச்சை விளக்கை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பனிச்சரிவில் புதைந்தால் தேடிக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோ சமிக்ஞைக் கருவியை மலையேறுவோர் மார்பில் கட்டியிருப்பார்கள். கம்பத்தைக் கடக்கும்போது அது இயங்கினால் பச்சை எரியும், இயங்காவிட்டால் சிவப்பு. சென்ற மாதம் நான் அனுப்பிய கடிதத்துக்கு, கம்பம் பரிசோதிக்கப்பட்டதாகவும் பழுதில்லை என்றும் தங்கள் அலுவலகம் பதிலளித்தது. பழுது என்று நான் எழுதவில்லை. அது சரியாக வேலை செய்வதுதான் என் புகார்.

2. சென்ற ஆண்டு மார்ச்சில் என் கணவர் ஔடுனும் நானும் அந்தக் கம்பத்தருகே நின்றோம். பனிநிலை அறிவிப்பில் கிழக்குச் சரிவுக்கு எச்சரிக்கை இருந்தது. போவதா வேண்டாமா என்று காரில் வழியெல்லாம் பேசிக்கொண்டுதான் வந்தோம். கம்பத்தைக் கடந்ததும், "ரெண்டு பேருக்கும் பச்சை. வா, போலாம்" என்றார். பேச்சு அத்தோடு நின்றுபோனது. ஏறும் வழியில் கிழக்குச் சரிவின் பனி உடைந்து அவரை மூடியது. அவருடைய கருவி சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருந்ததால் இடம் உடனே தெரிந்தது. தோண்டி எடுத்தபோது உயிரில்லை.

3. ஔடுன் அசட்டையானவர் அல்லர். கருவி இயங்குகிறதா என்ற கேள்விக்குத்தான் விளக்கு பதில் சொன்னது. போகலாமா என்ற எங்கள் கேள்விக்கு அதையே பதிலாக எடுத்துக்கொண்டோம். பச்சையைக் கண்டால் நகர்வதற்கு எல்லோரும் சிறுவயதிலேயே பழகிவிடுகிறோம்.

4. இவ்வாண்டும் ஜனவரிக் குளிரில் அடிப்பனி சர்க்கரைபோல் உதிரியாகிவிட்டது. அதன்மேல் காற்று கொண்டுவந்து சேர்த்த பனி கெட்டிப் பலகையாகப் படிந்திருக்கிறது. ஆள் மிதித்தால் அந்தப் பலகை அப்படியே உடைந்து சரியும்; மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை அங்கே சென்று, ஏற வந்த நான்கு இளைஞர்களிடம் இதைச் சொன்னேன். அவர்களில் என் பழைய மாணவன் சீவர்ட்டும் இருந்தான். "டீச்சர், மெஷினே பாஸ் போட்டுருச்சு. நீங்க ஏன் இன்னும் ஃபெயில் போடுறீங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். மாலையில் பத்திரமாக இறங்கி வந்து கையசைத்தார்கள். அதுவே என் கவலையைக் கூட்டியது. அடுத்த முறை என் பேச்சைக் கேட்க அவர்களுக்கு இன்னும் ஒரு காரணம் குறைந்துவிட்டது.

5. ஈஸ்டர் விடுமுறைக்குள் பச்சைக்குப் பதில் வெள்ளை விளக்கைப் பொருத்தி, "உங்கள் கருவி இயங்குகிறது. மலையைப் பற்றி இந்தக் கம்பத்துக்கு ஒன்றும் தெரியாது" என்ற பலகையை அருகே வைக்க வேண்டுகிறேன். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை விளக்கை அணைத்து வைக்கவாவது ஆணையிடுங்கள். அப்போது முன்புபோல எதிரெதிரே நின்று ஒருவர் கருவியை மற்றவர் சோதித்துக்கொள்வார்கள். நிற்கும் அந்த நேரத்தில், வேண்டாம் திரும்பிவிடலாம் என்று சொல்ல நினைத்த ஒருவருக்கு வாய் திறக்க இடம் கிடைக்கும்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) இங்குன் ஸ்தூர்லீ

இடம்: ஹெல்டால்
நாள்: 18.03.2024